சும்மா கிடக்கும் பணம் இல்லை இது: வங்கித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வங்கித் தலைவர்களுக்கும் இயக்குநர் குழு உறுப்பினர்களுக்கும்,

டெபாசிட் என்று நம்ப வைத்து என் தலையில் காப்பீட்டு பாலிசியைக் கட்டிவிட்டார்கள் என்ற என் புகாருக்கு, போன வாரம் உங்களில் ஒருவருடைய வங்கியிலிருந்து மூன்று வரி மின்னஞ்சல் வந்தது. விண்ணப்பத்தில் என் ஒப்புதல் இருக்கிறதாம். சரிபார்ப்பு அழைப்பில் என் சம்மதம் பதிவாகியிருக்கிறதாம். ஆகவே என் புகார் முடித்து வைக்கப்படுகிறதாம். எட்டு மாதத்தில் மூன்றாவது முறையாக முடித்து வைத்திருக்கிறார்கள். அன்று மதியமே அதே வங்கியின் அதே கிளையிலிருந்து ஒரு போன். புதுக் குரல், சின்னப் பையன். "சார், உங்க அக்கவுண்ட்ல பணம் சும்மா ஐடிலா கிடக்குது. ஒரு நல்ல பிளான் வந்திருக்கு. வீட்டுக்கே வரட்டுங்களா?"

மின்னஞ்சலைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த 'சும்மா கிடக்குது'தான் பொறுக்கவில்லை.

வங்கியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் மற்றவர்கள் 'நம்ம கடை இல்லை' என்று நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். கோவை ரேஸ்கோர்ஸில் காலையில் என்னோடு நடக்கிற ஆறு பேரில் நான்கு பேருக்கு இதே கதை உண்டு, நான்கு வெவ்வேறு வங்கிகளில்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் ஏழை இல்லை. பீளமேட்டில் சொந்த வீடு இருக்கிறது. கடன் இல்லை. மகள் பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறாள், என்னிடம் பத்துப் பைசா எதிர்பார்ப்பதில்லை. 2015-இல் ஒரு பம்ப்செட் கம்பெனியின் கணக்குப் பிரிவிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றபோது பி.எஃப். 31 லட்சம் வந்தது. கிராஜுவிட்டி 10 லட்சம். அன்றைக்குச் சட்டத்தில் உச்சவரம்பே அவ்வளவுதான். சிறுகச் சிறுக டெபாசிட்டில் போட்டு வைத்தது 12. கோவில்பாளையம் பக்கம் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றதில் 27. மனைவிக்கு அவருடைய அம்மா வீட்டிலிருந்து வந்த பங்கு 15. ஆக மொத்தம் 95 லட்சம். முதல் சில வருடங்கள் வட்டியில் மிச்சம் பிடித்து மறுபடி முதலில் சேர்த்ததில் 2024 மார்ச்சில் அது ஒரு கோடியே எட்டு லட்சமாக இருந்தது.

கோடி என்றதும் உங்கள் ஊழியர்களின் குரலே மாறிவிடுகிறது. 'ஹை நெட்வொர்த்' என்று ஏதோ ஒரு பட்டியலில் என் பெயர் ஏறியிருக்கிறது. தீபாவளிக்கு ஒரு டப்பா பாதாம் பருப்பு வருகிறது. அந்தக் கோடி எனக்கு என்னவென்று சொல்கிறேன், கேளுங்கள்.

தனியார் கம்பெனியில் வேலை பார்த்த எனக்கு பென்ஷன் என்று மாதம் வருவது இரண்டாயிரத்துச் சொச்சம். அச்சுப்பிழை இல்லை. என் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் 2014 ஆகஸ்ட் வரை மாதம் 6,500 ரூபாயைத்தான் பென்ஷன் கணக்குக்கு எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் 15,000 ஆக்கினார்கள்; எனக்கு அதில் எட்டு மாதமோ என்னவோதான் கிடைத்தது. விலைவாசி ஏறினாலும் அந்தத் தொகை ஏறாது. அரசு வேலையில் இருந்த என் மச்சினருக்கு ஒன்றாம் தேதி வங்கியில் பென்ஷன் ஏறுகிறது, வருடம் இரண்டு முறை பஞ்சப்படியும் ஏறுகிறது. எனக்கு அந்தப் பென்ஷனைக் கொடுப்பது இந்த ஒரு கோடிதான். அது என் சொத்து என்பதைவிட என் சம்பளம் என்று சொல்வதே சரி. வேலைக்குப் போகாத ஒருவன் அடுத்த இருபது வருடத்துக்கான சம்பளத்தை மொத்தமாக முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறான், அவ்வளவுதான்.

நாற்பது வருடம் பேரேடு எழுதிய கை. அந்தப் பழக்கத்தில் வீட்டுக் கணக்கும் ஒரு நீள நோட்டில்தான் ஓடுகிறது. 2024 தொடக்கத்தில் நிலவரம் இது: தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் எனக்கு 30 லட்சம், மனைவிக்கு 15. மீதி 63 லட்சம் நான்கு வங்கிகளில் டெபாசிட். எல்லாம் சேர்ந்து மாதத்துக்குச் சராசரியாக 67,000, 68,000 ரூபாய் வட்டி. செலவு 56,000. மளிகை, பால், காய்கறிக்கு 17,000. மருந்துக்கும் பரிசோதனைக்கும் 7,500. எனக்குச் சர்க்கரை, அவருக்குத் தைராய்டும் மூட்டு வலியும். மருத்துவக் காப்பீடு வருடம் 84,000, மாதக் கணக்கில் 7,000. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு 4,500. மொய் எழுதவும் பேத்தி வந்தால் செலவழிக்கவும் 5,000. கோயில் குளம், பயணம் எல்லாம் 6,000-க்குள். மிச்சமாகிற 11,000 சொச்சத்தை நான் தொடுவதில்லை. அது எனக்கு 78 வயதாகும்போது தேவைப்படும்.

வசதியான வாழ்க்கைதான். மாசத்துக்கு ஒருமுறை அன்னபூர்ணா ஓட்டலில் சாம்பார் வடை, வருடத்துக்கு ஒருமுறை ரயிலில் ராமேஸ்வரமோ திருச்செந்தூரோ, வெயில் நாளில் யோசிக்காமல் ஏசி. ஆனால் இந்த வசதி எதன் மேல் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். 63 லட்சத்துக்கு வட்டி ஒரு சதவிகிதம் குறைந்தால் வருடம் 63,000 போச்சு, மாதம் 5,250. வேலைக்கு வருகிற அம்மாவின் சம்பளத்தைவிட அதிகம். 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, உங்களுக்குக் கடன் கொடுக்கிற வட்டியான ரெப்போ விகிதத்தைக் குறைக்க ஆரம்பித்தது. ஆறரையில் இருந்தது ஜூனுக்குள் ஐந்தரைக்கு வந்துவிட்டது. வீட்டுக்கடன் வாங்கியவர்கள் கொண்டாடினார்கள், கொண்டாடட்டும், என் மகளும் அதில் ஒருத்தி. அந்த வாரமே உங்கள் டெபாசிட் வட்டிப் பலகையிலும் எண்கள் மாறின. தபால் நிலையத்தில் 2015-இல் எனக்கு 9.3 சதவிகிதம் கிடைத்தது, 2020-இல் 7.4, 2025-இல் 8.2. இந்தத் தசமப் புள்ளிகளைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் அடுத்த வருடம் ராமேஸ்வரமா, வீட்டிலேயே பஜனையா என்று முடிவாகிறது.

(மனைவி இதைப் படித்துவிட்டு, "2015-லேயே அத்தனையையும் பவுனா வாங்கிப் போட்டிருந்தா இந்தக் கடுதாசியே எழுத வேண்டியதில்லை" என்கிறார். அன்று பவுன் இருபதாயிரம் அளவில் இருந்தது, 2025 அக்டோபரிலேயே தொண்ணூறாயிரத்தைத் தாண்டிவிட்டது. பதில் சொல்ல முடியவில்லை.)

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு வங்கி மூழ்கினால் டெபாசிட் காப்பீடு ஒருவருக்கு 5 லட்சம் வரைதான். 2020 பிப்ரவரி வரை அதுவும் ஒரு லட்சமாக இருந்தது. நான்கு வங்கிகளில் 2024 தொடக்கத்தில் என் பெயரில் இருந்த 63 லட்சத்தில் 20 லட்சத்துக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. மீதி 43 லட்சத்தை உங்கள் பெயர்ப்பலகையை நம்பித்தான் வைத்திருந்தேன். வேறு எந்த ஈடும் நீங்கள் எனக்குத் தரவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

2024 மார்ச் 7-ஆம் தேதி எனக்கு இடது கண்ணில் புரை அறுவை சிகிச்சை. மார்ச் 11 திங்கட்கிழமை 20 லட்ச ரூபாய் டெபாசிட் ஒன்று முதிர்வு. என் பிறந்தநாளை என் மகள் மறந்தாலும் மறப்பாள். டெபாசிட் முதிர்கிற தேதியை உங்கள் கம்ப்யூட்டர் மறக்காது. பிப்ரவரி கடைசியிலேயே போன் வர ஆரம்பித்துவிட்டது. போன் செய்தது கிளையில் இரண்டு வருடமாகப் பழக்கமான ஒரு பெண், 25 வயது இருக்கும். என்னை 'அப்பா' என்றுதான் கூப்பிடும். நானும் 'கண்ணு' என்பேன். பாஸ்புக் பதியும் இயந்திரம் கெட்டுப்போன நாட்களில் தானே உள்ளே எடுத்துப் போய் அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்த பெண்.

பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மனைவி கையைப் பிடித்துக்கொண்டு போனேன். 15 லட்சத்தை இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்தாயிற்று. மீதி 5 லட்சத்தை "இன்னும் நல்ல வட்டி வர்ற இடத்தில் போடலாம்பா, நம்ம பேங்க்தான்" என்றது. ஒரு துண்டுச் சீட்டை எடுத்து எழுதிக் காட்டியது. '5,00,000. 5 வருஷம். 8,10,000.' சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நீல மசி, எட்டுக்கு மேல் ஒரு சுழி.

கணக்குத் தெரிந்தவன் நீ, ஐந்து வருடத்தில் ஐந்து லட்சம் எட்டு லட்சத்துப் பத்தாயிரத்தை எட்டினால் அது பத்து சதவிகிதத்துக்கு மேல் என்று மூளையில் மணி அடிக்கவில்லையா என்று என் நண்பர்கள் கேட்டார்கள். அடிக்கவில்லை. 1990-களில் உங்கள் வங்கிகளிலேயே பதினொன்று, பன்னிரண்டு வட்டிக்கு டெபாசிட் போட்ட தலைமுறை நாங்கள். பத்து என்பது எங்கள் காதுக்கு மோசடி மாதிரிக் கேட்பதில்லை, நியாயமான வட்டி மாதிரித்தான் கேட்கிறது. உங்கள் ஆட்கள் எங்களிடம் விற்பது எங்கள் பழைய ஞாபகத்தை வைத்துத்தான்.

விண்ணப்பம் முழுவதும் ஒரு டேப்லெட்டில் ஓடியது. எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி. சொட்டு மருந்து விட்ட கண்ணில் எதுவும் தெரியவில்லை. என் போனுக்கு வந்த ஓ.டி.பி.யை மனைவி வாசித்தார், அந்தப் பெண் தட்டியது. நாலு முறை. கொஞ்ச நேரத்தில் ஒரு அழைப்பு வரும், எல்லாவற்றுக்கும் எஸ் சொல்லிடுங்கப்பா என்றது. வந்தது. ஆங்கிலத்தில், படபடவென்று. சொன்னேன்.

ஒரு மாதம் கழித்துத் தடித்த உறையில் ஒரு பத்திரம் கூரியரில் வந்தது, கூடவே ஒரு காலண்டர். டெபாசிட் பத்திரம் என்று நினைத்து பீரோவில் வைத்தேன். இது என் தவறு. இதை மறைக்கப் போவதில்லை.

2025 மார்ச் 11 காலை. மனைவி காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். போனில் ஒரு குறுஞ்செய்தி: 5,00,000 ரூபாய் பிரீமியம் எடுக்க முயன்றதில் போதிய இருப்பு இல்லை. அடுத்த செய்தி: அப்படி எடுக்க முடியாமல் போனதற்குக் கட்டணம் 500, ஜி.எஸ்.டி.யோடு 590 ரூபாய். என்ன பிரீமியம், யாருக்கு என்று புரியாமல் அந்த உறையைத் தேடி எடுத்துக் கிழித்தேன். ஆயுள் காப்பீட்டு பாலிசி. வருடம் 5 லட்சம் வீதம் பத்து வருடம் கட்ட வேண்டும். 66 வயதில் எடுக்கப்பட்ட பாலிசி. கட்டி முடிக்கும்போது எனக்கு 75 ஆகியிருக்கும். விண்ணப்பத்தில் என் தொழில் 'ஆலோசகர்'. ஆண்டு வருமானம் 18 லட்சம். படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் கம்பெனியில் கடைசி வருடம்கூட நான் அந்தச் சம்பளத்தில் பாதியைப் பார்த்ததில்லை.

வருடம் 5 லட்சம் கட்டினால் நான் என்ன சாப்பிடுவது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்த வட்டி வருமானமே 8 லட்சத்துச் சொச்சம். கட்டாவிட்டால் முதலில் கட்டிய 5 லட்சமும் போச்சு. ஒரு வருட பிரீமியம் கட்டியவருக்கும் ஏதாவது சரண்டர் மதிப்பு, அதாவது பாலிசியை நடுவில் விட்டால் திரும்பக் கிடைக்கிற தொகை, தர வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் 1-ஆம் தேதிதான் வந்தது. என் பாலிசி அதற்கு ஏழு மாதம் மூத்தது. பத்திரம் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் கெடு எப்போதோ முடிந்துவிட்டது.

கிளைக்குப் போனேன். மேனேஜர் மாற்றலாகியிருந்தார். அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டதாம். புது மேனேஜர், "சார், இது இன்சூரன்ஸ் கம்பெனி மேட்டர், நாங்க வெறும் ஏஜென்ட்" என்றார். இன்சூரன்ஸ் கம்பெனி, "விற்றது வங்கி, அங்கே கேளுங்கள்" என்றது. அப்புறம் எழுதினேன், எழுதினேன். ஜூலையில் ஒருவழியாகச் சரிபார்ப்பு அழைப்பின் பதிவை அனுப்பி வைத்தார்கள். 2 நிமிடம் 40 விநாடி. நான் ஒன்பது முறை 'எஸ்' சொல்கிறேன். ஐந்தாவது எஸ்ஸுக்கு முன்னால் ஒரு தயக்கம், 'என்னங்க?' என்கிறேன். பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல்: "எஸ் சொல்லுங்கப்பா." மகள் ஹெட்போன் மாட்டிக் கேட்டு, அந்த இடத்தில் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாள். உங்கள் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அந்தக் குரல் 'தெளிவாகக் கேட்கவில்லை'யாம்.

என்னுடைய 5 லட்சத்துக்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அதற்குத் தனி வழி இருக்கிறது, குறைதீர்ப்பாளரிடம் போயிருக்கிறேன், தீர்ப்பு வருகிறபோது வரட்டும். அந்தப் பெண்ணின் மேலும் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் அந்தக் கோபம் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை. 2024 மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள் அந்தப் பெண் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்காமல் போனில் யாரிடமோ, "இன்னும் ரெண்டுதான் சார் பாக்கி, முடிச்சிடறேன் சார், முடிச்சிடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டில் ஒன்று நான் என்று அப்போது தெரியாது. அந்த எண்ணிக்கையை அதன் கையில் கொடுத்தது மேனேஜர். மேனேஜருக்குக் கொடுத்தது மண்டல அலுவலகம். மண்டல அலுவலகத்துக்கு? அதனால்தான் கடிதம் உங்களுக்கு வருகிறது.

ஏன் இப்படி நடக்கிறது என்பதும் கணக்குதான். என் 5 லட்சத்தை டெபாசிட்டாகப் புதுப்பித்தால் நீங்கள் எனக்கு வட்டி தர வேண்டும். அதையே பாலிசியாக மாற்றினால் முதல் வருட பிரீமியத்தில் ஒரு கணிசமான பங்கு உங்களுக்குக் கமிஷனாக வரும். ஆகவே என் பணம் டெபாசிட்டாக இருக்கிற ஒவ்வொரு நாளும் உங்கள் கண்ணுக்கு அது 'சும்மா' கிடக்கிறது. எனக்கு அது வேலை செய்துகொண்டிருக்கிறது. உங்களுக்கு அது வேலை செய்யவில்லை. அந்தப் பையன் போனில் சொன்ன சொல்லின் முழு அர்த்தம் இதுதான். அவன் தப்பாகச் சொல்லவில்லை, உங்கள் பேரேட்டை எனக்கு வாசித்துக் காட்டினான்.

என்னோடு நடக்கிறவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். ஐந்து வருட டெபாசிட் என்று நம்பி யூலிப், அதாவது பங்குச் சந்தையோடு ஏறி இறங்கும் காப்பீடு, வாங்கியவர். இன்னொருவருக்கு லாக்கர் வேண்டியிருந்தது, பாலிசி எடுத்தால் லாக்கர் என்றார்கள். மூன்று வருட வாடகைக்கும் லாக்கரை உடைக்க நேர்ந்தால் ஆகும் செலவுக்கும் ஈடான டெபாசிட்டைத்தான் கேட்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2021-லேயே சொல்லிவிட்டது. அவருக்கு அது தெரியாது, கவுண்டரில் இருந்தவருக்குத் தெரியாமல் இருக்காது. எங்கள் தெருவில் கணவரை இழந்த டீச்சரம்மா ஒருவர் இரண்டாவது பிரீமியம் கட்ட நகையை அடகு வைத்தார். அந்த நகைக்கடனைக் கொடுத்ததும் அதே கிளை.

எங்கள் வயதுக்காரர்களை யாருமே நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். மூத்த குடிமக்களின் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை ஒரு வருடத்தில் 10 சதவிகிதத்துக்கு மேல் ஏற்றுவதானால் முதலில் தன்னைக் கலந்துகொள்ள வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் கம்பெனிகளுக்குச் சொன்னது. செப்டம்பர் 22 முதல் அந்த பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. வட்டியிலிருந்து முன்கூட்டியே வரி (டி.டி.எஸ்.) பிடிக்கும் வரம்பை எங்களுக்கு ஏப்ரலில் ஒரு லட்சமாக்கினார்கள். 2024 நவம்பரில் மும்பையில், வங்கியாளர்கள் நிறைந்த ஒரு மாநாட்டில் நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமனே, பொருந்தாத காப்பீட்டை வாடிக்கையாளர் தலையில் கட்டுவதைக் குறை சொல்லி, வங்கிகள் தங்கள் மூலத் தொழிலைப் பார்க்கட்டும் என்கிற பொருளில் பேசினார். நீங்களும் அந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். ஒரு வருடம் ஆகிவிட்டது. எனக்குப் போன வாரம் போன் வந்தது.

2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி உங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: மூத்தவர்களுக்கென்று அடையாளம் காணும்படி தனிக் கவுண்டர், 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீடு தேடி வந்து பணம் கொடுப்பது, வாங்குவது. என் கிளையில் 'மூத்த குடிமக்கள்' என்று பலகை தொங்குகிறது. அதற்குக் கீழே உள்ள நாற்காலியில் பழுதான பிரிண்டர் ஒன்று ஒன்றரை வருடமாக உட்கார்ந்திருக்கிறது. வீடு தேடி ஆள் வருவது பாலிசிக்கு மட்டும்தான்.

ஆகவே நான் கேட்பவை:

அறுபது வயதைத் தாண்டியவரின் டெபாசிட் முதிர்கிற நாளிலும் அதற்கு முன்னும் பின்னும் 15 நாட்களிலும் அவரிடம் காப்பீடோ வேறு எந்தச் சந்தை முதலீடோ விற்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். முதிர்வுத் தேதிப் பட்டியலை விற்பனைப் பிரிவின் கையில் கொடுப்பதை நிறுத்துங்கள். அந்தப் பட்டியல் நான் உங்களை நம்பிக் கொடுத்த விவரம்.

அதையும் மீறி நாங்களே கேட்டு வாங்கினால், தமிழில், பெரிய எழுத்தில், காகிதத்தில் ஒரே ஒரு பக்கம் கொடுங்கள். 'இது டெபாசிட் இல்லை. காப்பீடு. வருடம் இவ்வளவு, இத்தனை வருடம் கட்ட வேண்டும். நடுவில் நிறுத்தினால் இவ்வளவு போகும்.' நாலு வரி போதும். அதை வீட்டுக்கு எடுத்துப் போய், பிள்ளைகளிடம் காட்டி, இரண்டு நாள் கழித்து வந்து கையெழுத்துப் போட விடுங்கள். அவசரமான நல்ல திட்டம் என்று ஒன்று என் 40 வருடக் கணக்குப் பிள்ளை வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை.

சரிபார்ப்பு அழைப்பு வாடிக்கையாளரின் மொழியில் இருக்கட்டும். அவர் கிளையை விட்டு வெளியே போன பிறகு வரட்டும். 'எஸ்' என்று சொல்ல வைக்கிற கேள்விகளை விட்டுவிட்டு, 'எத்தனை வருடம் கட்ட வேண்டும், சொல்லுங்கள்' என்று கேளுங்கள். அன்று என்னிடம் அப்படிக் கேட்டிருந்தால் 'ஒரு தடவைதானே' என்று சொல்லியிருப்பேன். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

அறுபதைத் தாண்டியவர்களின் டெபாசிட் பணத்திலிருந்து கடந்த ஐந்து வருடத்தில் விற்ற பாலிசிகளில் இரண்டாவது பிரீமியம் திரும்பிப் போனவை எத்தனை என்று தேடுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு நாள் வேலை. ஒருவர் முதல் வருடம் 5 லட்சம் கட்டிவிட்டு இரண்டாம் வருடம் கட்டவில்லை என்றால் அவர் மனம் மாறினார் என்று நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள். அவருக்குத் தெரியவே தெரியாது என்பதுதான் பெரும்பாலும் நடந்தது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள், வருமானமும் தொழிலும் பொய்யாக எழுதப்பட்டிருந்தால் காப்பீட்டுக் கம்பெனியோடு பேசி முதலைத் திருப்பிக் கொடுங்கள். பணம் இல்லாததற்குப் பிடித்த 590 ரூபாய்களையும்.

கிளை ஊழியர்களுக்கு மார்ச் மாத பாலிசி எண்ணிக்கை கொடுப்பதை நிறுத்துங்கள். அந்தப் பெண் இப்போது எந்த ஊரில் என்ன வேலை பார்க்கிறதோ தெரியாது. அடுத்து அந்த நாற்காலியில் உட்காரும் பிள்ளை டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடட்டும்.

'தெளிவாகக் கேட்கவில்லை' என்று சொன்ன அந்த 2 நிமிடம் 40 விநாடிப் பதிவை உங்களில் என் வங்கியின் தலைவர் யாரோ, அவர் ஒருமுறை தானே ஹெட்போன் மாட்டிக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுத் தன் கையெழுத்தோடு எனக்கு ஒரு பதில் எழுத வேண்டும். மூன்று வரி போதாது.

கடைசியாக ஒன்று. அன்று புதுப்பித்த 15 லட்சம் 2026 மார்ச் 11 புதன்கிழமை முதிர்கிறது. காலை பத்தரை மணிக்கு நானே கிளைக்கு வருவேன், கண்ணாடி போட்டுக்கொண்டு. ஒரு புதுப்பிப்புப் படிவம் மட்டும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதுவரை யாரும் எனக்குப் போன் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
பீளமேட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கணக்கர்